திருவொற்றியூர் வண்டியும் ஒரகடத்துக் கைகளும்

(சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஞாயிறு மாலை, தொழிற்சாலைப் பணியாளர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்து, மறுபடியும் ஓட வைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைப் பேச சுங்குவார்சத்திரத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. ஒரகடத்தில் 2013இலும் வல்லம் வடகாலில் 2017இலும் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியைத் தொடங்கியது. வல்லம் வடகாலிலேயே யமஹாவும் இருக்கிறது. கார், லாரி, டயர் என்று சக்கரம் சம்பந்தப்பட்ட எல்லாமே இந்த வட்டாரத்தில் தயாராகிறது. அந்த ஆலைகளின் பேருந்துகள் விடியற்காலையில் இந்தக் கூட்டுரோட்டில்தான் ஆள் ஏற்றுகின்றன. ஆனால் நான் இன்று பேசப்போகிற வண்டி இந்த ஆலைகள் எதிலும் பிறந்ததில்லை. அது திருவொற்றியூரில் பிறந்தது.

1949இல் கே. ஆர். சுந்தரம் ஐயர் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, இங்கிலாந்திலிருந்து மோட்டார் சைக்கிள்களை வரவழைத்து விற்றார். இந்திய ராணுவம் ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்து அவரிடம் ஆர்டர் கொடுத்தது. அந்தத் தேவை வளரவே, 1955இல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. கப்பலில் உதிரிகளாக வந்ததை 1956இல் அங்கே வண்டியாகக் கோத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியே வந்தவை 163 வண்டிகள். இன்று உங்கள் லைனில் ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை இறங்குகிறது என்பதோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே வார்த்தார்கள், கடைந்தார்கள். ரெடிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977இல் இங்கே செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். தாய் ஆலை மறைந்த பிறகும் அந்த எஞ்சினை உயிரோடு வைத்திருந்தவர்கள் வடசென்னைத் தொழிலாளர்கள். இதை நான் பெருமையோடு சொல்கிறேன், நீங்களும் பெருமையோடு கேட்க வேண்டும்.

இந்த வரலாற்றால் வீட்டில் வண்டி பிரிப்பவனுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. புல்லட்டின் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில் விடைபெறும் வரை அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை. 346 சி.சி., 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஏறத்தாழ 18 குதிரைத்திறன். அரை நூற்றாண்டு ஒரே வடிவம் ஓடியதால் இன்றும் சென்னை ஜி.பி. ரோட்டில் பிஸ்டன், ரிங், கேஸ்கட், கிளட்ச் பிளேட் புதிதாகக் கிடைக்கின்றன. கடையில் கிடைக்காத பழைய மட்கார்டோ முகப்பு விளக்குக் கூடோ வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. மைசூர் ஐடியல் ஜாவாவின் யெஸ்டியையும், இன்று இளைஞர்கள் தேடி அலையும் யமஹா ஆர்.எக்ஸ். 100ஐயும் எடுத்துச் செய்யலாம், தவறில்லை. முதல் வண்டி என்றால் நான் புல்லட்டைத்தான் சொல்வேன்.

ஏன் இதைச் செய்ய வேண்டும்? இந்த அவையில் இருக்கும் ஒருவர் நாள் முழுக்க ஒரே ஸ்டேஷனில் நின்று நான்கு போல்ட்டுகளை முடுக்குகிறார். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொன்னதும் அடுத்த வண்டி வந்துவிடும். அந்த நான்கு போல்ட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்து ஸ்டேஷன் தங்கைக்கு வயரிங் தெரியும். இன்னொருவருக்கு பெயிண்ட் ஷாப். வேறொருவர் கேஜ் வைத்து அளப்பதிலேயே பத்து வருடம் போக்கியவர். ஒரு முழு வண்டியைச் செய்யத் தேவையான அறிவு அத்தனையும் இந்த ஊரில் வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் படுத்துத் தூங்குகிறது. ஆனால் அது துண்டு துண்டாக இருக்கிறது. ஒருவருடைய துண்டை இன்னொருவர் பார்ப்பதில்லை. நானும் ஒரகடத்து ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை செய்கிறவன். ஒரு எந்திரம் முழுவதும் எனக்குப் புரிந்தது, வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய புல்லட்டைப் பிரித்து அடுக்கிய பிறகுதான். ஆலை தரும் திறமையை முழுமையாக்கிக்கொள்ள நமக்குக் கைக்கெட்டும் பள்ளிக்கூடம் பழைய வண்டி. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் காகிதம். வண்டியைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் இரும்பில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம்பர் இருக்கும் இடம் அரத்தால் ராவியதுபோல் வழவழப்பாக இருந்தால் அந்த வண்டி வேண்டாம். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. அதன்படி 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு பாரம்பரிய வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி வேலைக்குப் போக முடியாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பிரிப்பது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கைப்பேசியால் படம் எடுங்கள். எந்த வயர் எந்த வழியாகப் போகிறது, எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பதெல்லாம் படத்தில் இருக்க வேண்டும். கழற்றிய போல்ட்டை அது இருந்த ஓட்டையிலேயே இரண்டு மரை ஏற்றி விட்டுவிடுங்கள். முடியாததை அட்டைப் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஆலையில் உங்களிடம் கேட்கும் ஒழுங்குதான் இதுவும். அங்கே சூப்பர்வைசருக்காகச் செய்வதை இங்கே உங்களுக்காகச் செய்கிறீர்கள்.

மரை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய புல்லட் பிரிட்டிஷ் அங்குல அளவில் பிறந்த வண்டி. பின்னாளில் மெட்ரிக் அளவும் கலந்தது. நடுவில் எத்தனையோ கைகள் பட்டு, கிடைத்த போல்ட்டைப் போட்டு முடுக்கியிருப்பார்கள். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். எட்டு எம்.எம். போல்ட்டோடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மரையின் இடைவெளி வேறு. மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று விரலாலேயே ஏறும். மூன்றாவதில் இறுகும். அங்கே ஸ்பேனர் வைத்து அழுத்தினால் அலுமினிய உறையின் மரை உரிந்து கையோடு வரும். அதனால் எந்த போல்ட்டும் விரலால் முக்கால்வாசி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அது அந்த இடத்து போல்ட் இல்லை. மரை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். டைமிங் பக்க உறைக்குள் கிராங்க் முனையில் ஆயில் பம்பைச் சுழற்றும் வார்ம் நட்டு இடக்கை மரை கொண்டது. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். இது தெரியாமல் பலம் காட்டி உடைத்தவர்கள் உண்டு.

சிலிண்டரைக் கழற்றியதும் நேராகக் கடைக்கு ஓடி பிஸ்டன் வாங்காதீர்கள். லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். தேய்மானம் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் என்று முடிவு செய்ய முடியும். பட்டறையில் 'இருபது' என்று சொன்னால் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதற்கேற்ப போர் போடச் சொல்ல வேண்டும். ஒரு பட்டறையில் என் சிலிண்டரைப் பிஸ்டன் பார்க்காமலேயே கண்மதிப்பில் போர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கடையில் வாங்கிய பிஸ்டன் உள்ளே கடகடவென்று ஆடியது. இன்னொரு சைஸ் ஏற்றித்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சிலிண்டரில் இருக்கும் இரும்பு ஒரு முறை போனால் போனதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, வால்வுகளை இயக்கும் டேப்பட்டைச் சரிசெய்வது. சிலிண்டர் ஓரத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பாகம் தெரியும். எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் அழுத்த உச்சியில் நிற்க வேண்டும். இப்போது ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் அசையக் கூடாது. அவ்வளவுதான் அளவு. ஃபீலர் கேஜ் வேண்டியதில்லை. இறுக்கமாக இருந்தால் அட்ஜஸ்டரை ஒரு துளி தளர்த்தி, லாக் நட்டை முடுக்கி, மறுபடியும் உருட்டிப் பார்க்க வேண்டும். லாக் நட்டை முடுக்கும்போதே அளவு கொஞ்சம் மாறும் என்பதால் பொறுமை வேண்டும். இருபது வயதில் கற்றுக்கொண்டால் இந்த விரலுணர்வு அறுபதிலும் போகாது.

பிளக்கில் பொறி பறக்கும் கணத்தைத் தீர்மானிப்பது பாயிண்ட். காஞ்சிபுரத்தில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம்தான் நான் அதை வைக்கக் கற்றுக்கொண்டேன். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். எந்தக் கணத்தில் அது திறக்கிறது என்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அவர் ஒரு மெல்லிய சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு நடுவே செருகி, என் கையில் அதன் முனையைக் கொடுத்தார். "தம்பி, லேசா இழுத்துப் பிடி. இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது" என்றபடி எஞ்சினை மெதுவாகத் திருப்பினார். தாள் திடீரென்று விடுபட்டு என் விரலோடு வந்தது. "நிறுத்து. பிஸ்டன் எங்க நிக்குது பாரு" என்றார். உச்சிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தூரத்தில் நின்றது. "அண்ணே, இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "இவ்வளவும் சரியா இருந்தாத்தான் வண்டி" என்றார்.

அதே பாடத்தை முகப்பு விளக்குக் கூட்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டரும் சொல்லித்தரும். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் காயில் வழியே ஓடுவதால் ஊசி மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் ஊசி நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். இப்போது சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, உச்சியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே உதை. ஊசியைப் படிக்கத் தெரிந்தவரை கிக்கர் திருப்பி உதைக்காது. பட்டனை அழுத்தினால் கிளம்பும் வண்டி ஓட்டிப் பழகிய தங்கைகளும் இதைச் செய்யலாம். இதற்கு உடல் பலம் அதிகம் தேவையில்லை, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

பெட்ரோல் தொட்டி பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காலித் தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். ஓட்டை விழுந்த தொட்டியை வீட்டில் வெல்டிங் செய்ய நினைக்கவே வேண்டாம். உள்துருவுக்குச் சிட்ரிக் அமிலத்தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஓர் இரவு வைத்து, மறுநாள் நன்றாக அலசி, சமையல் சோடாக் கரைசலால் ஒரு முறை கழுவி, உடனே உலர்த்த வேண்டும். இதை பெயிண்ட் அடிப்பதற்கு முன் செய்யுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். அதனால் குழாய், வாஷர் எல்லாவற்றையும் இன்றைய எரிபொருளுக்குத் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் பெட்ரோலை வடித்துவிடுங்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசி கிளப்பக் கூடாது. முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பெயிண்ட் கடைசி வேலை. பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். வண்டி பளபளவென்று நிறம் பூசி நிற்கும், அதன் எஞ்சின் ஓசையைக் கேட்டால் நெஞ்சு பதறும். எல்லாவற்றையும் குரோம் பூசிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆலையிலிருந்து வந்தபோது கறுப்பாக இருந்தது கறுப்பாகவே இருக்கட்டும். புல்லட் தொட்டியில் ஓடும் தங்கக் கோடுகளைத் திருவொற்றியூரில் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். ஸ்டிக்கர் கிடையாது. உங்களுக்குக் கிடைத்த தொட்டியில் அந்தக் கோடு பாதியாவது மிஞ்சியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கையெழுத்து அது. அங்கங்கே மங்கிய அசல் பெயிண்ட், புதுப் பூச்சைவிட மதிப்புள்ளது என்பது என் உறுதியான கருத்து. சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டுவது சட்டப்படியும் குற்றம். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கனமான ஃபிளைவீலும் சேர்ந்து தருகிற அந்த நிதானமான துடிப்பை ஏன் கெடுக்க வேண்டும்?

வண்டி கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டியில் பழகியவர் அவசரத்தில் வலது காலை அழுத்துவார். பிரேக் பிடிக்காது. வண்டி மேல் கியருக்குப் போகும், வேகம் குறையாது. இந்தத் தேசிய நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி நிற்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே முதல் சில வாரம் ஊருக்குள் காலி மைதானத்தில் மட்டும் ஓட்டுங்கள். டிரம் பிரேக்கும் ஆறு வோல்ட் விளக்கும் உள்ள வண்டியை இரவில் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் தெருமுனை வரைகூட வேண்டாம்.

வாடகை அறையில் இடம் ஏது என்று இங்கு வருமுன் ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. தனியாக ஒருவர் முழு வண்டியை வைத்துச் செய்ய இங்கே பலருக்கு வசதி இல்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி எடுங்கள். ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் வண்டி நிற்கட்டும். கார்புரேட்டரை ஒரு தட்டில் வைத்து ஹாஸ்டல் அறையிலேயே பிரித்துச் சுத்தம் செய்யலாம். அதற்கு முன் வெளியில் வைத்து பெட்ரோலைச் சுத்தமாக வடித்து, வாடை போக உலரவிட்டு விடுங்கள். அறைக்குள் நெருப்பும் வேண்டாம். வயரிங் கட்டையும் அறையில் உட்கார்ந்தே கட்டலாம். வயரிங் தெரிந்தவர் டேப்பட் பார்க்கட்டும், பெயிண்ட் தெரிந்தவர் பாயிண்ட் வைக்கட்டும். தெரிந்த வேலையை மட்டும் செய்தால் ஆலையில் நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

இந்த வண்டிகளை அறிந்த மெக்கானிக்குகள் இன்னும் காஞ்சிபுரத்திலும் வாலாஜாபாத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த மேனுவலிலும் முழுதாக இல்லை. அவர்கள் பிள்ளைகள் கணினி வைத்துப் பார்க்கும் புது வண்டி வேலைக்குப் போய்விட்டார்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் விடுமுறையில் அப்படி ஒருவரைத் தேடிப் போய், அனுமதி கேட்டு, ஒரு நாள் பக்கத்தில் நில்லுங்கள். அவர் செய்வதைப் படம் எடுங்கள், எழுதி வையுங்கள். உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டி கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அதன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். வண்டியை எப்படி எடுப்பது என்று பிறகு சேர்ந்து பேசிக்கொள்ளலாம்.